வேலை தெரிந்தவர்களிடம் வந்து சேர்ந்த மொழிகள்

கடலூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு ரசாயன ஆலையின் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் உள்ளே பிஎல்சி என்ற, எந்திரங்களை இயக்கும் சிறு கணினி ஒன்று இருக்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்தப் பம்பு எப்போது நிற்க வேண்டும், ரியாக்டரின் சூடு எந்த அளவைத் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வது அதில் ஓடும் நிரல்தான். அது பெரும்பாலும் லேடர் என்ற படவடிவ மொழியில் எழுதப்பட்டிருக்கும். கல்லூரியில் கணினி அறிவியல் படித்த பிள்ளைகளிடம் லேடரைக் காட்டினால், இதெல்லாம் ஒரு மொழியா என்பார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு, நடுவே படிகள், படிகளில் காண்டாக்ட் என்ற சுவிட்ச் குறிகள், வலது ஓரத்தில் எதை இயக்க வேண்டுமோ அதைக் காட்டும் காயில். அவ்வளவுதான்.

நான் அங்கிருந்துதான் தொழிலைத் தொடங்கினேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா முடித்து ஆலையில் சேர்ந்து, பின்னால் மென்பொருள் பக்கம் வந்தவன். இப்போது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன், பழையதைப் பராமரிக்கிறேன். அதனால் பல மொழிகளில் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு மொழி ஓர் இடத்தில் அசைக்க முடியாதபடி உட்கார்ந்துவிடுகிறது. அதைவிட நல்லது என்று எல்லோரும் சொல்லும் இன்னொன்று அதே இடத்துக்குள் நுழையவே முடிவதில்லை. இது ஏன் என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை.

நான் வந்து சேர்ந்த பதில் இது. எந்தத் துறையிலும் வேலை தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருப்பார்கள். எலக்ட்ரீஷியன், கணக்கர், புள்ளியியலாளர், வானிலை ஆய்வாளர் என்று. அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்ட மொழி அங்கே நிலைக்கிறது. முதலில் நீ நிரலாளர் ஆகிவிட்டு வா, அப்புறம் உன் வேலையைப் பார்க்கலாம் என்று சொன்ன மொழி வாசலிலேயே நின்றுவிடுகிறது. அப்படி நிலைத்த மொழியும், அதை மாற்றும் உரிமை அந்த ஆட்களிடம் இல்லையென்றால் ஒரு நாள் அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது.

லேடர் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பேனல்களுக்கு ஒரு மாற்று வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலேக்களைக் கழற்றி மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்த காலம். பொறியாளர் டிக் மார்லியும் அவருடைய குழுவும் உருவாக்கிய மோடிகான் 084 என்ற பிஎல்சி அந்த இடத்துக்கு வந்தது. உள்ளே இருந்தது கணினிதான். ஆனால் அதற்கு நிரல் எழுத, எலக்ட்ரீஷியன்கள் பல வருடமாகப் பார்த்துப் பழகிய ரிலே வரைபடத்தையே கொடுத்தார்கள். ஆலையில் இருந்த யாரும் புது ஆளாக மாற வேண்டியிருக்கவில்லை.

இதன் அருமை நைட் ஷிப்டில் தெரியும். பம்பு ட்ரிப் ஆகிவிட்டது, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ஷிப்டில் இருப்பவர் ஐடிஐ படித்த எலக்ட்ரீஷியன். லேப்டாப்பை பிஎல்சியில் செருகி ஆன்லைன் போகிறார். திரையில் லேடர் உயிரோடு ஓடுகிறது. கரண்ட் எதுவரை வருகிறதோ அதுவரை கோடு நிறம் மாறியிருக்கிறது. எந்தக் காண்டாக்டில் நிறம் நின்றுவிட்டதோ அதுதான் கோளாறு. டேங்கின் லெவல் சுவிட்ச் சிக்னல் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நிரல் எழுதியவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தேவையில்லை. இதே தர்க்கத்தைச் சி மொழியில் யாராவது எவ்வளவு அழகாக எழுதி வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் அது அவருக்குச் சுவர்தான்.

1993-ல் வந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரநிலை பிஎல்சிக்கு ஐந்து மொழிகளை வகுத்தது. அதில் ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்பது பாஸ்கல் என்ற பழைய மொழியின் சாயலில் இருக்கும் நல்ல மொழி. கணக்கு, ரெசிபி, பேட்ச் வரிசை எல்லாம் நான் அதில்தான் எழுதுகிறேன். இன்டர்லாக் (ஆபத்தான நிலையில் இயக்கத்தைத் தடுக்கும் பாதுகாப்புத் தர்க்கம்) என்று வந்தால் லேடருக்குத் திரும்பிவிடுவேன். ராத்திரி அங்கே நிற்கப் போவது நான் இல்லை. அனல்மின் நிலையம் போன்ற பெரிய இடங்களில் ஃபங்ஷன் பிளாக் வரைபடம் அதிகம் புழங்குகிறது. அதுவும் கண்ட்ரோல் இன்ஜினியர்கள் காகிதத்தில் வரைந்து பழகிய படத்திலிருந்து வந்ததுதான்.

அடுத்து ஃபாக்ஸ்ப்ரோ, அட்டவணைத் தரவைக் கையாளும் மொழி. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம் வந்துவிடும். 1990களில் கடலூர், பண்ருட்டி பக்கம் கணினி வாங்கிய வியாபாரிகளிடம் நான் பார்த்த கணக்கு நிரல்கள் பலவும் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதப்பட்டவை. பண்ருட்டியில் முந்திரி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் இருந்த நிரல் இன்னும் நினைவில் இருக்கிறது. எழுதியவர் கணினி படித்தவர் இல்லை, அந்தக் கடையிலேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு மூட்டைக் கொட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறும், முழுசு எவ்வளவு, துண்டு எவ்வளவு, உடைப்புக் கூலி யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருந்தது. வெளியூர் நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த விவரங்களில் பாதி விட்டுப்போயிருக்கும்.

அவரால் அது முடிந்ததற்குக் காரணம் ஃபாக்ஸ்ப்ரோவின் அமைப்பு. யூஸ் என்று எழுதினால் ஃபைல் திறக்கும். ப்ரௌஸ் என்றால் அட்டவணை முழுக்கக் கண்முன் வந்துவிடும், பேரேட்டைப் புரட்டுவது போல. ரிப்ளேஸ் ஆல் என்று ஒரே வரியில் விலையை எல்லாம் மாற்றிவிடலாம். சாதாரண கணினியிலும் வேகமாக ஓடும். கணக்கர் தன் பேரேட்டோடு உள்ளே வந்து உட்கார அதில் இடம் இருந்தது.

ஆனால் அந்த வீடு வாடகை வீடு. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை வாங்கியது. 2004 கடைசியில் வந்த விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-தான் கடைசிப் பதிப்பு. இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று 2007-ல் அறிவித்துவிட்டார்கள், 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஃபாக்ஸ்ப்ரோ நிரலாளர்கள் பெரிய கையெழுத்து இயக்கமே நடத்திப் பார்த்தார்கள். மொழியின் மூல நிரல் திறக்கப்படவில்லை. ஆட்கள் இருந்தார்கள், வேலையும் இருந்தது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் மட்டும் அவர்களுடையதாக இல்லை.

ஃபாக்ஸ்ப்ரோவைப் போலவே டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மொழியின் குடும்பத்தில் பிறந்த கிளிப்பரைப் பாருங்கள். அதையும் 1992-ல் ஒரு பெரிய நிறுவனம்தான் வாங்கியது, அதுவும் மெல்லக் கைவிடப்பட்டது. ஆனால் கிளிப்பர் ஆட்கள் 1999-ல் ஹார்பர் என்ற பெயரில் தாங்களே ஒரு கட்டற்ற கம்பைலரை எழுதத் தொடங்கினார்கள். பழைய கிளிப்பர் நிரலை லினக்சில்கூட ஓட்ட முடிகிறது. கூட்டம் சிறியதுதான். இருந்தாலும் யாரோ ஒரு நிறுவனத்தின் அறிவிப்பில் அவர்கள் தொழில் முடிந்துபோகவில்லை. இரண்டு சமூகங்களுக்கும் திறமையில் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் புதுப் பூட்டே செய்துகொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஃபாக்ஸ்ப்ரோவை உண்மையில் காலி செய்தது 2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்தது. எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீடு, மாதாந்திர ரிட்டர்ன், அடுத்த வருடம் இ-வே பில். பழைய நிரலை எழுதியவர் இல்லை, இருந்தாலும் அவ்வளவையும் தனி ஆளாகச் சேர்க்க முடியாது. கடைக்காரர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு மாறினார்கள், அல்லது ஏற்கெனவே இருந்த டேலியை முழுசாக நம்பத் தொடங்கினார்கள்.

டேலிக்குள்ளும் ஒரு மொழி இருக்கிறது, டிடிஎல். உலக அளவில் நிரல்மொழிகளைப் பற்றிப் பேசும் யாரும் இதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் இதை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். ரிப்போர்ட், அதற்குள் ஃபார்ம், அதற்குள் பார்ட், லைன், ஃபீல்டு என்று அடுக்கடுக்காக விவரித்துக்கொண்டே போக வேண்டும். பில் ஃபார்மெட்டைக் கையால் கோடு போட்டு வரையும் கணக்கருக்கு இந்த அடுக்கு உடனே பிடிபடும். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் பி.காம். படித்தவர். லாரி புக்கிங் அலுவலகங்களுக்கும் உரக்கடைகளுக்கும் தேவையான பில்லையும் அறிக்கையையும் டிடிஎல்லில் எழுதித் தருகிறார். வாடிக்கையாளர் பேசும் கணக்குப் பாஷை அவருடைய பாஷை. அதனால் விளக்கம் கேட்க வேண்டியதே இல்லை.

இந்தச் சமூகத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எழுதிய டிடிஎல்லைக் கம்பைல் செய்து டிசிபி ஃபைலாகத்தான் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது. ஒரே உரக்கடை பில்லை ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். வருமானம் இருக்கிறது, ஆனால் பொதுச்சொத்து சேரவில்லை. பத்து வருடம் கழித்து வருகிறவருக்கு முன்னால் போனவர்கள் விட்டுச்சென்றது எதுவும் கையில் கிடைக்காது. அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் மொழியைச் சுற்றி ஆட்கள் மட்டும் இருந்தால் அது சந்தை. எழுதியது அடுத்தவருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அதைச் சமூகம் என்று சொல்ல எனக்கு மனம் வருகிறது.

இன்னொரு பக்கம், மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. எல்ம் என்ற மொழியை நான் ஆசையாகப் படித்தேன். 2012-ல் வந்தது, இணையப் பக்கங்கள் எழுத. அதன் பிழைச் செய்திகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது மாதிரி இருக்கும். ரஸ்ட் மொழிக்காரர்களே அதைப் பார்த்துத் தங்கள் பிழைச் செய்திகளைத் திருத்தினார்கள். 2018-ல் வந்த 0.19 பதிப்பில், ஜாவாஸ்கிரிப்டை நேரடியாகத் தொடும் வசதி மையக் குழுவின் தொகுப்புகளுக்கு (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்களுக்கு) மட்டும் என்று ஆனது. ஓடும்போது நிரல் உடையாது என்ற உறுதியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள், அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உலாவியிலேயே இருக்கும் பன்மொழித் தேதி வசதியைக்கூட வெளியாள் நேரடியாகக் கூப்பிட முடியாமல் போனது. அதை நம்பித் தொழில் செய்தவர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். 2019-க்குப் பிறகு மொழியும் பெரிதாக நகரவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது பைத்தான். இன்று செயற்கை நுண்ணறிவு என்றாலே பைத்தான் என்று ஆகிவிட்டது. எளிமையான மொழி, அதனால்தான் என்று பலர் சொல்கிறார்கள். எளிமையான மொழிகள் வேறும் இருந்தன. 1995-ல் பைத்தானில் அணிகளை (வரிசைகளாக அடுக்கிய எண்களை) கையாள வேண்டும் என்று விரும்பிய சிலர் மேட்ரிக்ஸ்-சிக் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜிம் ஹுகுனின் எழுதிய நியூமெரிக் தொகுப்பு அங்கிருந்து வந்தது. அந்தச் சின்னக் கூட்டத்துக்காக மொழியின் இலக்கணமே வளைந்தது. முப்புள்ளி, அணியின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் நீட்டித்த ஸ்லைஸ் குறியீடு எல்லாம் அவர்கள் தேவைக்காகப் பைத்தானுக்குள் வந்தவை. அணிப் பெருக்கலுக்குத் தனிக் குறி வேண்டும் என்று அவர்கள் நெடுநாள் கேட்டது 2015-ல் 3.5 பதிப்பில் கிடைத்தது.

நடுவில் ஒரு பிளவும் வந்தது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கையாளும் வானியலாளர்கள் நம்அரே என்று தனித் தொகுப்பு வைத்துக்கொண்டார்கள். எந்தத் தொகுப்பை நம்பி எழுதுவது என்று ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ட்ராவிஸ் ஒலிஃபன்ட் இரண்டையும் ஒன்றாக்கி 2006-ல் நம்பை 1.0 வெளியிட்டார். இந்த ஒரு வேலை நடக்காமல் போயிருந்தால் பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் போன்ற தரவு அலசும் தொகுப்புகள் எதன் மேல் நின்றிருக்கும்? பிளவைக் கூட்டிச் சேர்க்கும் பொறுமை உள்ள ஒருவர் இருந்தது அந்தச் சமூகத்தின் அதிர்ஷ்டம். அதற்கு அவருக்குக் கிடைத்த நேரம்தான் உண்மையான முதலீடு என்று நினைக்கிறேன்.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான ஆழ்கற்றல் என்ற களம் முதலில் பைத்தானிடம் மட்டும் இருக்கவில்லை என்பது பலருக்கு மறந்துவிட்டது. டார்ச் என்ற புகழ்பெற்ற தொகுப்பு லுவாவில் இருந்தது. ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சிக் குழுவே அதைப் பயன்படுத்தியது. லுவா 1993-ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அருமையான சின்ன மொழி. வேறொரு பெரிய நிரலுக்குள் போய் உட்கார்வதற்கென்றே செய்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் திரை அமைப்புகளை ஆடுகிறவர்களே மாற்றிக்கொண்டது லுவாவில்தான். தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டிகளுக்குப் பின்னாலும் 2013 முதல் லுவா ஓடுகிறது. அங்கெல்லாம் வீட்டுக்காரர் வேறொருவர். தேவையான சாமானை அவரே வைத்திருப்பார், லுவா சிறியதாக இருப்பதே நல்லது. ஆராய்ச்சியாளரின் மேசையில் அப்படி வீட்டுக்காரர் யாரும் இல்லை. தரவைப் படிக்க, படம் வரைய, புள்ளியியல் செய்ய எல்லாவற்றுக்கும் அவர் பைத்தானுக்குத்தான் எழுந்து போக வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் டார்ச்சே பைடார்ச் ஆகிப் பைத்தானுக்கு வந்துவிட்டது. லுவா தோற்றுவிட்டது என்று இதைச் சொல்ல மாட்டேன். அது தன் இடத்தில் இன்றும் அசைக்க முடியாமல் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பைத்தான் விழுங்கிவிடுமா? புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்தால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கிறது. முதுநிலை ஆய்வேட்டுக்குத் தரவு அலசித் தரச் சொல்லி அவ்வப்போது சிலர் என்னிடம் வருவார்கள். அங்கே ஆர் மொழிதான். நிரலாளர்கள் ஆரைக் கிண்டல் செய்வார்கள், ஒரே வேலைக்கு ஏன் நாலு வழி என்று. 1990களில் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் அதைத் தொடங்கியபோதே அவர்கள் புள்ளியியல் ஆசிரியர்கள். விளைவு இடது பக்கம், காரணங்கள் வலது பக்கம், நடுவே ஓர் அலைக்குறி. புள்ளியியலாளர் கரும்பலகையில் எழுதும் மாடலுக்கு மிக நெருக்கமாகவே ஆரில் எழுதலாம்.

அதைவிடப் பெரிய காரணம் தொகுப்புகளை எழுதுகிறவர்கள் யார் என்பது. சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைத்திருக்கிறார்கள் என்று கணிக்கும் சர்வைவல் தொகுப்பை எழுதியவர் டெர்ரி தெர்னோ. மேயோ கிளினிக்கில் பல்லாண்டு வேலை செய்த உயிர்ப்புள்ளியியலாளர். அதன் விளக்கக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். எந்த ஆணை எதைச் செய்யும் என்பதோடு நிற்காது, இந்த வகைத் தரவுக்கு இந்தக் கணிப்பு ஏன் தப்பு என்றும் சொல்லும். ஒரு மாணவருக்கு உண்மையில் வேண்டிய உதவி அதுதான். புது ஆய்வு முறையைக் கண்டுபிடிக்கிறவர் கட்டுரையோடு ஆர் தொகுப்பையும் வெளியிடுவது அந்தத் துறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தப் பழக்கம் இருக்கும்வரை வேறு மொழி அங்கே இரண்டாவதாகத்தான் வந்து சேரும்.

பழக்கம் என்று சொன்னதும் ஃபோர்ட்ரானைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயல் எங்கே, எப்போது வரும் என்று கணிக்கும் எண்முறை மாதிரிகளில் பெரும்பாலானவை இன்றும் 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானின் வழித்தோன்றலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. டபிள்யூஆர்எஃப் அப்படி, பிரிட்டனின் யுனிஃபைட் மாடல் அப்படி, ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் ஐஎஃப்எஸ்ஸும் அப்படித்தான்.

பழைய நிரலைத் தூக்கிப் போடச் சோம்பல் என்று இதை நினைப்பவர்கள் டபிள்யூஆர்எஃப் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். மேகத்துக்குள் நீர்த்துளி எப்படித் திரள்கிறது என்பதற்குத் தாம்சன் முறை, வெப்பச்சலன மேகங்களுக்குக் கெய்ன்-ஃபிரிட்ச் முறை என்று ஆய்வாளர்களின் பெயரிலேயே தனித்தனிக் கோப்புகள் இருக்கும். மேகத்தைப் பற்றிப் பல வருடம் படித்த ஒருவர் தன் அறிவை நேரடியாக ஃபோர்ட்ரானில் எழுதி உள்ளே செருகியிருக்கிறார். நடுவே மொழிபெயர்க்க நிரலாளர் யாரும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த இடமும் அசைகிறது. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு வானிலை மாதிரி 2023-ல் வந்தது. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன்னுடைய செயற்கை நுண்ணறிவுக் கணிப்பு முறையை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இவை பைத்தான் உலகத்தில் பிறந்தவை, நிமிடங்களில் கணித்துவிடுகின்றன. ஆனால் இவை எதிலிருந்து கற்றுக்கொண்டன? ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து, அதாவது பழைய வானிலைப் பதிவுகளை ஒரு மாதிரியோடு சேர்த்து மறுபடி கட்டிய தரவிலிருந்து. அதைத் தயாரித்தது ஐஎஃப்எஸ், அதாவது ஃபோர்ட்ரான். ஆகவே ஒரு சமூகம் இன்னொன்றை விரட்டுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. புது ஆட்கள் பழைய ஆட்களின் உழைப்பின் மேல் நிற்கிறார்கள், பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் நடக்கும் கட்டற்ற மென்பொருள் கூட்டங்களுக்குப் போனால் எந்த லாங்குவேஜ் படிக்கலாம் அண்ணே என்று கேட்காத பிள்ளை இல்லை. உனக்கு எந்த வேலை தெரியும், இல்லையென்றால் எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு மாணவி மட்டும் உடனே சொன்னாள், புயல் என்று. அவள் அப்பாவுக்குப் படகு இருக்கிறது. பைத்தானில் எழுது, ஃபோர்ட்ரானை வாசிக்கப் பழகு என்றேன். இப்போது டபிள்யூஆர்எஃப்-ஐத் தன் லேப்டாப்பில் கம்பைல் செய்ய முயன்றுகொண்டிருக்கிறாள். வானிலைத் தரவுக் கோப்புகளைப் படிக்க, எழுத உதவும் நெட்சிடிஎஃப் என்ற நிரல் நூலகத்தில் மாட்டிக்கொண்டு போன வாரம் கூப்பிட்டாள். நூலகத்தை எந்தக் கம்பைலரால் கட்டினாயோ அதே கம்பைலரால்தான் மாடலையும் கட்ட வேண்டும் என்று சொன்னேன். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு வானிலை ஆய்வாளர்.